விண்வெளிப் பட்டாளத்தில் நான் செத்த கதை

இருபத்தாறாவது வயதில், செவ்வாய்க் கிரகத்துக்கும் அந்தப் பக்கம், தகர டப்பா மாதிரியான ஒரு கப்பலுக்குள் நான் செத்துப்போவேன் என்று பதினோரு வயதில் நம்பினேன். சும்மா ஒரு பேச்சுக்கு நம்பவில்லை. முழுப் பரீட்சை வரும் என்று எப்படி நம்புவோமோ, அப்படி நம்பினேன். இப்போது ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறேன். காலையில் ரத்தக் கொதிப்பு மாத்திரையை விழுங்கும்போது, செத்தவனுக்கு எதற்கடா மருந்து என்று ஒரு சிரிப்பு வரும். மனைவி என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். எத்தனை தடவைதான் இந்தக் கதையைச் சொல்வது.

எல்லாவற்றுக்கும் மாமாதான் காரணம். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். நேராக எங்கள் வீட்டுக்குத்தான். திருவிடைமருதூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் கிராமம். வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அக்கா கையில் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்வார். "அங்க இருக்கறப்ப கம்பெனிக்காரன் வாங்கி வச்சிக்கிறான், இங்க வந்தா நீ வாங்கி வச்சிக்கிற. என் மூஞ்சிய நானே பாத்ததில்ல" என்பார். பிறகு பெட்டியைத் திறப்பார். பால்பவுடர், சென்ட், டார்ச் லைட், அம்மா கடைசிவரை கட்டாத ஒரு மினுமினு சேலை.

அந்தத் தடவை பெட்டியின் அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது. கம்பெனியின் வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைப் போட்டுவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒருத்தர் ஃபேனை எடுத்தார், ஒருத்தர் மிக்ஸியை எடுத்தார். மாமா இன்ஜினியர் மகன் விளையாடிய இந்தப் பெட்டியை எடுத்தார்.

"ஊர்ல உள்ளவன் தம்பியெல்லாம் மிக்ஸி கொண்டாறான். எனக்குன்னு வாய்ச்சவன் அட்டைப்பெட்டி கொண்டாந்திருக்கான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவர் தலையில் எண்ணெய் வைக்கப் போய்விட்டாள். தம்பியை அவளால் அரை நிமிஷத்துக்கு மேல் திட்ட முடியாது.

பெட்டியின் மேல் ஒரு படம். குண்டானைக் கவிழ்த்த மாதிரித் தொப்பி போட்ட சிப்பாய் ஒருவன், சிவப்பு மண்ணில் துப்பாக்கியோடு நின்றான். உள்ளே ஒரு தடிப் புத்தகம், கட்டம் கட்டமாக அச்சடித்த வழவழப்பான தாள்கள், கண்ணாடிச் சிவப்பில் இரண்டு பகடைகள். அவ்வளவுதான். நான் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

"காய் எங்க மாமா?"

"இதுல காய் கெடையாது மருமவனே. நீதான் காய்."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் எனக்குப் பல நாள் சோறு ஒழுங்காக இறங்கியிருக்கும்.

அது மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து, நெல் வீட்டுக்கு வந்து, வயலில் உளுந்து பச்சையாக நின்றது. உளுந்தில் ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நானும் மாமாவும் மத்தியானத்தில் பம்புசெட் கொட்டகைக்குப் போய்விடுவோம். ஆடுகளும் எங்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

"மொதல்ல ஆளு பண்ணணும்" என்றார் மாமா. புத்தகத்தை அப்படித்தான் மொழிபெயர்த்தார். வருங்காலத்தில், பூமிக்கு வெளியே, ஒரு பட்டாளம். அதற்கு ஓர் ஆளை நாம் செய்ய வேண்டும். அவன் பலம் எவ்வளவு, மூளை எவ்வளவு, எத்தனை வருஷம் சேவை செய்தான், என்னென்ன கற்றுக்கொண்டான் எல்லாம் பகடை சொல்லும். ஆள் முழுசாகத் தயாரான பிறகுதான் விளையாட்டே ஆரம்பம்.

"பேர் சொல்லு."

என் பெயரைச் சொன்னேன். வேறு யார் பெயரைச் சொல்வது? இல்லாத ஒருவனுக்குப் பெயர் எழுதுவது எங்கள் ஊரில் வாக்காளர் பட்டியலில் மட்டும் நடக்கிற காரியம். தகப்பனார் பெயரையும் சொன்னேன். கேட்காமலே நட்சத்திரத்தையும் சொன்னேன். பூரட்டாதி. சொந்தக் கிரகம் என்ற இடத்தில் எங்கள் கிராமத்தின் பெயரையும், தபால் ஆபீசையும், வட்டத்தையும் சொன்னேன். மாமா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக்கொண்டார்.

பகடையை உருட்டினேன். பலம் ஏழு. மூளை மூன்று.

"மூணா?"

"நம்ம குடும்பத்துக்கு அது ஜாஸ்திதான். அடுத்தது உருட்டு. படிப்பு... ஒம்பது! மூளை மூணு, படிப்பு ஒம்பது. நீ பெரிய உத்தியோகத்துக்குப் போவ மருமவனே."

பதினெட்டு வயதில் என்னைப் பட்டாளத்தில் சேர்த்தார். ஒரு தவணை நாலு வருஷம். ஒவ்வொரு தவணைக்கும் பிழைத்தேனா என்று ஓர் உருட்டு. முதல் தவணையில் பிழைத்ததோடு, கையில் ஒரு பட்டையும் வாங்கினேன். இரண்டாவது தவணைக்குக் கைக்குள் பகடைகளைக் குலுக்கி, ஊதி, உருட்டினேன். ஒன்று. இன்னொன்றும் ஒன்று.

"தாயம்! ரெண்டு தாயம்!" என்று குதித்தேன். எங்கள் ஊர்த் தாயத்தில் ஒன்று விழுந்தால்தானே காயே உள்ளே இறங்கும். அதற்காகத் தவம் கிடப்போம். எனக்கு இரண்டு விழுந்திருக்கிறது.

மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "போயிட்டியே மருமவனே."

"எங்க?"

"செவ்வாய்க்கு அந்தப் பக்கம். கப்பலோட. இருபத்தாறு வயசு." தாளின் கடைசிக் கட்டத்தில் என்னமோ எழுதி, பக்கத்தில் அழகாக ஒரு மண்டை ஓடு வரைந்தார். மாமாவுக்குப் படம் நன்றாக வரும். பல்லெல்லாம்கூட வைத்தார்.

அடுத்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். "பரவால்ல, வேற ஆளு பண்ணுவோம்" என்றிருப்பார். அதற்குள் மூன்று ஆடுகள் உளுந்துக்குள் இறங்கிவிட்டன. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார். நான் என் சாவைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நான் கடைந்தெடுத்த முட்டாள் என்று நினைக்கலாம். மூளை மூன்று என்று எழுத்து மூலமாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா சீர்காழிப் பக்கம் போய் ஓலை பார்த்துவிட்டு வந்திருந்தார். யாரோ எப்போதோ எழுதி வைத்த ஓலையில் அப்பாவின் பெயர் இருந்ததாம், அம்மாவின் பெயர் இருந்ததாம், முழங்காலில் வலி வரும் என்று இருந்ததாம். வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. காய்ந்த ஓலையில் எழுதினதே அப்படிப் பலிக்கும்போது, வெள்ளைக்காரன் வழவழப்புத் தாளில், இங்கிலீஷில், பேர் நட்சத்திரத்தோடு எழுதினது பலிக்காமலா போகும்?

பயத்தில் நான் செய்ததெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் அணிவகுப்புக்கு ஆள் எடுத்தபோது நொண்டினேன். எந்தக் கால் என்று கேட்டதற்கு இரண்டும் என்றேன். முடிவெட்டுகிறவர் ஒட்ட வெட்ட வந்தபோது எழுந்து ஓடி, பாதித் தலையோடு வீட்டுக்கு வந்தேன். காக்கி டிராயரைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒளித்தேன். மாமாவிடம் கேட்டால் விஷயம் முடிந்திருக்கும்தான். ஆனால் என் சாவை எழுதின கையிடமே போய்க் கேட்பதற்கு என்னமோ கூச்சமாக இருந்தது.

கடைசியாக, இருபத்தாறு வயதில் ஒளிந்துகொள்ள இப்போதே ஓர் இடம் பார்த்து வைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் கூடத்து மூலையில் பத்தாயம் இருந்தது. பலகையால் செய்த ஆளுயர நெல் பெட்டி. மேலே வாய். அறுப்பு முடிந்ததும் ஏணி வைத்து ஏறி நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் நெல் வழியும், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மூடிவிடலாம். ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் மேலே ஏறி உள்ளே இறங்கினேன். அப்போதுதான் நிரப்பின பத்தாயம். இடுப்பு வரை புதைந்து, மூச்சு முட்டி, கத்தினேன்.

அப்பா வந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் போட்டார். நான் வெளியே வந்தேன். டிராயர் பையிலிருந்த ஜாமெட்ரி பாக்ஸ் உள்ளே போய்விட்டது.

"சாப்புடுற நெல்லுல காலு வைப்பியாடா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"அப்பா, ஜாமெட்ரி பாக்ஸ்!"

"மேல போட்டது கீழ வர ஆடி ஆயிடும்" என்றார் அப்பா. "அதுக்காவ நாலு ஆளு வச்சி பத்தாயத்தக் காலி பண்ணச் சொல்றியா? அதுவரைக்கும் வெறுங்கையால வட்டம் போடு."

அம்மா அங்கேயே நின்று பத்தாயத்தின் மேல்வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்று வைக்கப் போகிறாள் என்று நினைத்து நான் நழுவிவிட்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் எல்லாருமே ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்கள். மாமா வேலை பார்த்த நாட்டுக்குப் பக்கத்து நாட்டில் சண்டை. அப்பா தினமும் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு செய்தி கேட்பார். அம்மா வந்து நிறுத்துவாள். "அது எங்கயோ நடக்குதுக்கா. ரொம்ப தூரம்" என்பார் மாமா. "ஏரோப்ளேனுக்கு என்ன தூரம் மாப்ள, அரை மணி" என்பார் அப்பா. அம்மா ரேடியோவோடு எழுந்து போய்விடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா கிளம்ப வேண்டும். குறித்த தேதிக்குள் போகாவிட்டால் விசாவும் போச்சு, வேலையும் போச்சு. எனக்கு இதிலெல்லாம் சிரத்தை இல்லை. சாகப் போகிறவனுக்கு ஊர்ச் சண்டை எதற்கு?

ஒத்திகையும் தோற்றுப்போனதால், தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருக்கோடி ஜோசியரிடம் போனேன். ஆயுளைக் கணித்துச் சொல்வதும் அவர்தான், இன்சூரன்ஸ் ஏஜெண்டும் அவர்தான். ஒரு வாசலில் இரண்டு தொழில்.

தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"யாரு எழுதினது?"

"மாமாங்க."

"அவன் எப்ப இதெல்லாம் கத்துக்கிட்டான்? எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா, திருக்கணிதமா?"

"தெரியலைங்க. உருட்டிப் பாத்து எழுதறது."

"ஓ, சோழி மாதிரி." தலையை ஆட்டிக்கொண்டார். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "கண்டம் எங்க?"

"செவ்வாய்க்கு அந்தப் பக்கங்க."

"செவ்வாய்! அதான பாத்தேன். வயசு?"

"இருபத்தாறு."

நாக்கால் 'ச்சொ' என்றார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு மேஜையின் இன்னொரு டிராயரைத் திறந்து, குடும்பமே குடைக்குள் நின்று சிரிக்கிற ஒரு வண்ணக் காகிதத்தை எடுத்தார். "அம்மா வீட்ல இருக்காங்களா தம்பி?"

அம்மா முற்றத்தில் பழைய உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஜோசியர் ஒரு கையில் என் தாளும் ஒரு கையில் குடைக்காகிதமுமாக வந்து, பரிகாரம் ஒன்று, பாலிசி ஒன்று, இரண்டுமே போட்டுவிடுவது உத்தமம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். பாலிசி என்றதும் அம்மா சிரித்தாள். இருபத்தாறு என்றதும் முறம் நின்றது.

"எத்தன வயசுன்னீங்க?"

"இருபத்தாறும்மா."

"இன்னொரு தரம் பாருங்க."

"இங்கிலீஷ்லயே போட்டிருக்கும்மா. மண்டை ஓடு வேற."

மாமா அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் ஸ்டாண்டு போடுவதற்குள் அம்மா தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னடா இது?"

"அய்யய்ய. அது வெளையாட்டுக்கா."

"வெளையாட்டுன்னா எம்புள்ள பேரு எதுக்குடா?"

"அவன்தான் சொன்னான்."

"அவன் சொன்னா நட்சத்திரம் வரைக்கும் எழுதிக்குவியா? வயச எழுதி, சாவ எழுதி... அதுவும் பேனாவுல! ஒரு பென்சில் கெடைக்கல ஒனக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். பாதி வெட்டின தலையோடு நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். சிரிக்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"அடப் பாவி. நெசம்னு நெனச்சியா? அக்கா, கிழிச்சுப் போட்டுடறேன் விடு."

"கிழிக்கப்படாது" என்றார் ஜோசியர். "எழுதினபடி உறுதியாயிடும். திரும்ப உருட்டித்தான் மாத்தணும்."

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், குத்துவிளக்கு முன்னால், விண்வெளிப் பட்டாளத்துக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள். ராகு காலம் இல்லை என்று ஜோசியர் உறுதி செய்து, காப்பியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்பா கால் கழுவிவிட்டு வந்து, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். பகடைகளை அம்மா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை உருட்ட விடவில்லை. என் கைராசி தெரிந்துபோயிற்று.

"பட்டாளம் வேணாம்" என்றாள். "வேற வேல போடு."

"இந்தப் புஸ்தகத்துல பட்டாளம் மட்டும்தான்க்கா இருக்கு."

"அதுல துப்பாக்கி தூக்காத வேல?"

மாமா பக்கங்களைப் புரட்டினார். "ஸ்டோர் இருக்கு."

"அதையே போடு."

"பென்ஷன் உண்டா மாப்ள?" என்றார் அப்பா.

"அஞ்சு தவணை முடிச்சா உண்டு அத்தான்."

"பாத்தியா? வெள்ளக்காரன் வெளையாட்டுல கூட பென்ஷன் வச்சிருக்கான்."

மூளைக்கு அம்மா உருட்டினாள். நாலு. "ஒண்ணு ஏறியிருக்கு" என்றார் அப்பா.

முதல் தவணை ஆரம்பமானது. அம்மா பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சாப்பாடெல்லாம் எப்புடி?"

"கப்பல்லயே குடுத்துடுவாங்க."

"சோறா?"

"மாத்திரைன்னு போட்டிருக்கு."

"மாத்திரையா? அதான் கழுத்தெலும்பு தெரியுது" என்றாள். நான் அந்த வயதில் கொழுக்கட்டை மாதிரி இருப்பேன். என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"படுக்க?"

"ஒரு ரூமுல பன்னெண்டு பேரு. பங்க் பெட்டு." மாமா அதற்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"சண்டை நடக்குற எடம் எவ்ளோ தூரம்?"

"ரொம்ப தூரம்க்கா. ஸ்டோருக்கெல்லாம் வராது."

"வந்துட்டா?"

மாமா பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "உருட்டித்தான் பாக்கணும்."

அம்மா உருட்டினாள். எட்டு. பிழைத்தேன். எனக்கு வியர்த்தது. இரண்டாவது தவணை. போன தடவை செத்த இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பகடை தரையில் ஓடி நின்ற சத்தம் கேட்டது. "ஒம்பது" என்று அப்பா கத்தினார். ஜோசியர், "சொன்னேன் இல்ல" என்றார். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. இருபத்தாறு வயதில் நான் உயிரோடு இருந்தேன். அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப ஊருக்கு வந்துடலாம்ல?"

"வரலாம். அதுக்கும் ஒரு உருட்டு இருக்குக்கா. என்ன விழுந்தாலும் வந்துடலாம். பன்னெண்டு விழுந்தா மட்டும் வர முடியாது. விட மாட்டாங்க. இஷ்டம் இல்லேன்னாலும் திரும்பப் போயாகணும்."

அம்மா உருட்டினாள். ஆறு. இன்னொன்றும் ஆறு.

"போயாகணும்க்கா" என்றார் மாமா, மெதுவாக.

அம்மா ஒரு விரலை நீட்டி, ஒரு பகடையைக் குப்புறக் கவிழ்த்தாள். ஆறு ஒன்றானது. "ஏழு" என்றாள்.

"அம்மா அழுகுணி!" என்று நான் எழுந்து நின்றேன். யாருக்காக அவள் ஏமாற்றுகிறாளோ அந்த ஆளே நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. தாயத்தில் அப்படிச் செய்தால் வெளியே போகச் சொல்வோம். "இது செல்லாது! மாமா, சொல்லுங்க மாமா!"

"அக்கா, திருப்பக் கூடாது. விழுந்தது விழுந்ததுதான்."

"யாருடா சொன்னது? எழுது."

"அக்கா..."

"ஊருக்கு வந்துட்டான்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்ல."

"ஓரத்துல எழுது."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். மாமா குனிந்து, தாளின் ஓரத்தில், தமிழில், 'ஊருக்கு வந்துவிட்டான்' என்று எழுதினார். அம்மா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். ஜோசியர் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

நிம்மதி வெள்ளிக்கிழமை வரைதான். காலையில் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மாமா குளித்து, பேன்ட் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு நின்றார். பீரோவில் டிக்கெட் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை.

அன்றைக்கு அம்மா தேடிய மாதிரி ஒரு தேடலை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. பீரோவிலிருந்த சேலைகளையெல்லாம் ஒன்றொன்றாக உதறினாள். தலையணை உறைகளைக் கழற்றினாள். அரிசித் தவலையைக் கவிழ்த்தாள். வேலைக்கு வந்தவர்களைக் கேட்டாள். என்னைக் கேட்டாள். "நேத்துகூடக் கண்ணால பாத்தேனே" என்று பீரோவின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். மாமா கொண்டுவந்த டார்ச் அது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மட்டும் உண்மை தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். புத்தகம் இருந்தது, தாள்கள் இருந்தன. பகடைகள் இரண்டையும் காணோம்! வேலைக்குச் சேர்த்தால் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும் என்று மாமாவே சொல்லியிருக்கிறார். அம்மா அழுகுணி ஆட்டம் ஆடியது மேலே தெரிந்துபோய், ஆள் அனுப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தது நான்தான்.

"பட்டாளத்துக்காரங்க வந்துட்டாங்க!" என்று கூடத்தின் நடுவில் நின்று அலறினேன்.

அப்பா சிரித்துவிட்டார். சிரித்தவர் நிறுத்த முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். மாமா டிரைவருக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, பேன்ட்டைக் கழற்றிக் கைலி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். அவசரமாகக் கிளம்ப இருந்த வீட்டில் வத்தக்குழம்பும் அப்பளமும் பொரியலும் எப்படித் தயாராக இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. மாமா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு போலீசில் எழுதிக் கொடுத்தார். புதுப் பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சி ஆபீசுக்கு நடையாக நடந்தார். ஆரம்பத்தில் வேகமாக நடந்தார், அப்புறம் அவ்வளவு வேகமாக இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் எங்கள் பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். அது ஓடியது. பக்கத்து வயல்காரர் தன் மோட்டாரைக் கொண்டுவந்தார். சித்திரையில் திருவிடைமருதூர்த் தேரோடும் வீதியில் ஒரு சின்ன இடம் பிடித்து ஒர்க்ஷாப் போட்டார்.

ஆடியில் தண்ணீர் வந்தது. பதினெட்டாம் பெருக்குக்குப் புது அரிசியில் சித்திரான்னம் செய்ய வேண்டும், நெல்லை மில்லுக்கு அனுப்பு என்றாள் அம்மா. அப்பா பத்தாயத்தின் கீழ்க் கதவைத் திறந்தார். நானும் மாமாவும் சாக்கை விரித்துப் பிடித்தோம். எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் மேலேயே கண். பத்தாயம் காலியாகிற தறுவாயில், நெல்லோடு சரசரவென்று அது வழிந்து வந்தது. ஆடி என்று அப்பா சொன்ன கணக்குத் தப்பவில்லை.

அதன் பின்னாலேயே, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே மாமாவின் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டோடு இரண்டு சிவப்புப் பகடைகள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"கெட்டிக்கார எலி. ரப்பர் பேண்டெல்லாம் போட்டிருக்கு" என்றார் அப்பா.

மாமா கவரிலிருந்த உமித்தூசியைத் துடைத்தார். பகடைகளை என் கையில் கொடுத்தார். பாஸ்போர்ட்டை அக்காவிடம் நீட்டினார். "பீரோவுல வை" என்றார்.

நான் எலியை நம்பினேன். பட்டாளத்திலிருந்து பாஸ்போர்ட்டை மீட்டு வந்த எலி என்று பல நாள் பத்தாயத்துக்கு அடியில் பொரிகடலை வைத்தேன். ஏதோ ஒன்று தின்றுகொண்டும் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்தச் சண்டை மாமா வேலை பார்த்த ஊருக்கு வரவேயில்லை. அவர் இடத்துக்கு வந்த முத்துப்பேட்டைக்காரர் ரொம்ப வருஷம் அதே ஸ்டோரில் இருந்துவிட்டு, சௌக்கியமாக ஊர் திரும்பி மாடி வீடு கட்டினார். மாமா இன்னும் தேரோடும் வீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு இருபத்தாறு வயதில் அம்மை போட்டது, வேறு ஒன்றும் இல்லை. ஜோசியர் சொன்ன வயதைக் கேட்டு அம்மாவின் கையில் முறம் நின்ற அந்த மாசியில், மாமாவுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது.